தைத்தவள் சொல்லட்டும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் கைவினைக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றால் கொடியேற்றம், தேர்பவனி, வாணவேடிக்கை என்றே நாம் பழகியிருக்கிறோம். இந்த ஆண்டு அவற்றோடு ஒரு கண்காட்சியும் வேண்டும் என்று நம் தையல் மையத்துப் பெண்கள் கேட்டார்கள். அதன் பயனை இம்மண்டபச் சுவர்களில் காண்கிறீர்கள். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து, அவற்றின்மேல் தங்கள் வாழ்க்கையை நூலால் எழுதிய போர்வைகள் இவை. "போர்த்திக்கொள்ள வேண்டியதைச் சுவரில் மாட்டுவானேன், சாமி?" என்று பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதே இச்சிற்றுரையின் நோக்கம்.

பழஞ்சேலையின் அருமை நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டுப் பக்கத்து வயலூர்களிலும் சரி, மாமல்லபுரம் கரையோரத்துக் குப்பங்களிலும் சரி, தாயின் நைந்த சேலைதான் பிள்ளைக்குத் தூளி. தூளிக்குப் பிறகு விரிப்பு. விரிப்பும் கிழிந்தால் கைப்பிடித் துணி. வடக்கே பீகார் மாநிலத்தில் இதனை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். பழைய சேலை, வேட்டிகளை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தையைப் பொதிந்து வைக்கும் மெத்தென்ற துணியாக்குவார்கள். அதற்குச் சுஜனி என்று பெயர். கந்தல்களுக்கென்றே ஓர் அன்னை உண்டு, துண்டு துண்டானவை அவளால் முழுமை பெறும் என்பது அவ்வூர்ப் பெண்களின் பழைய நம்பிக்கை. கருமையான நூலால் சங்கிலித் தையலிட்டு உருவங்களின் கோடு வரைவார்கள். வண்ண நூலால் உள்ளே நிரப்புவார்கள். வெற்றிடம் முழுவதும் துணியின் நிறத்திலேயே பொடித்தையல் ஓடும். ஒரு போர்வை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

இந்தக் கலை மங்கிப்போயிருந்த காலத்தில், 1988ஆம் ஆண்டளவில், முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா என்ற சிற்றூரில் நிர்மலா தேவி என்னும் பெண்மணி அண்டை அயல் பெண்களைக் கூட்டி மீண்டும் ஊசி பிடிக்க வைத்தார். பாட்னாவில் விஜி ஸ்ரீநிவாசன் தோற்றுவித்த அதிதி என்னும் தொண்டு நிறுவனம் துணை நின்றது. வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிதாயிருந்த பெண்கள் பலர் இவ்வேலைக்காகவே ஒன்றுகூடினார்கள். கையில் கொஞ்சம் காசும் வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது காசைப் பற்றியன்று. கூடி உட்கார்ந்து தைக்கும்போது பெண்கள் சும்மாவா இருப்பார்கள்? பேசினார்கள். பேசியது துணியில் ஏறியது. பூவும் மயிலும் இருந்த இடத்தில் வரதட்சணை வந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் வந்தான். பெண் என்பதற்காகக் கருவிலேயே அழிக்கப்படும் சிசு வந்தது. பள்ளிக்குப் போக முடியாத சிறுமி வந்தாள். இன்னொன்றையும் கவனியுங்கள். சில போர்வைகளில் ஒரு பாதியில் துன்பம் இருக்கும். மறு பாதியில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுவார்கள், சந்தையில் பொருள் விற்பார்கள், நீதிமன்றத்தில் நிற்பார்கள். இன்று இருப்பதும் நாளை இருக்க வேண்டியதும் ஒரே துணியில். இதைவிடத் தெளிவாக நான் பிரசங்கம் வைத்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் துணிகள் ஊரோடு நிற்கவில்லை. 1999இல் கனடா நாட்டு டொராண்டோ நகரின் துணி அருங்காட்சியகத்தில் பீகார்ப் பெண்களின் சுஜனிப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் சுஜனிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2025இல் நிர்மலா தேவிக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் உழைப்பு அது. அவ்வளவு காலமும் வாங்க வருகிறவர்களுக்குப் பிடித்தது பூவும் மீனும் யானையும்தான் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். அழுகையை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்ட யார்தான் விரும்புவார்கள்? எனினும் அவர்கள் பூவையும் தைத்தார்கள், புண்ணையும் தைத்தார்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் 1930இல் பிறந்து 2024இல் மறைந்த ஃபெய்த் ரிங்கோல்டு என்ற கறுப்பின ஓவியர், ஆடை வடிவமைப்பாளரான தம் தாயோடு சேர்ந்து 1980இல் முதல் ஒட்டுத்துணிப் போர்வையைச் செய்தார். தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்காதபோது, 1983இல் கதையையே போர்வையில் எழுதித் தைக்கத் தொடங்கினார். அச்சிட ஆள் இல்லையென்றால் ஊசி இருக்கிறது என்பது அவர் கண்ட வழி. அந்த வரலாறு 1995இல்தான் நூலாக அச்சேறியது.

திருச்சபையைத் தொட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தென் அமெரிக்கச் சிலி நாட்டில் 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். அவர்களைத் தேடி அலைந்த மனைவியரும் தாய்மாரும் கோணித்துணியின்மேல் கந்தல் துண்டுகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தனர். காணாமற்போனவரின் சட்டைத் துண்டும் சிலவற்றில் இருந்தது. அந்தத் துணிப்படங்களை ஆட்சியாளர் நாட்டுக்கு எதிரானவை என்றனர். சாந்தியாகோ பேராயரான கர்தினால் ரவுல் சில்வா, 1976இல் ஏற்படுத்திய ஒருமைப்பாட்டுப் பணியகம் அப்பெண்களின் தையற்கூடங்களுக்கு இடமும் பாதுகாப்பும் தந்து, அவர்கள் செய்தவை வெளிநாடு போய்ச்சேர வழி செய்தது. தைத்தவர்கள் பெயரைக்கூடப் போட முடியாத காலம் அது. "இதை மாற்றிச் செய்யுங்கள்" என்று திருச்சபை அவர்களிடம் சொல்லியிருந்தால் வேறெங்கே போயிருப்பார்கள்?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் சிறிய அளவில் ஒரு கண்காட்சி வைத்தோம். கடலுக்குப் போன கணவன் திரும்பாத சகோதரி ஒருவர், அவருடைய லுங்கியையும் தம் நீலச் சேலையையும் வெட்டி ஒரு போர்வை செய்து கொண்டுவந்தார். மேலே கடல், படகு இல்லாத கடல். கீழே ஒரு திண்ணையில் வரிசையாக ஏழு பெண்கள். எதிரில் மேசை, கோப்புகள், முகமில்லாத ஓர் ஆள். "யாரம்மா இந்த ஏழு பேர்?" என்று கேட்டேன். "ஏழு பேரில்லை, சாமி. நான் ஒருத்திதான். ஏழு வருஷம்" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். வரிசையில் போகப்போக அந்தப் பெண்ணின் தலைமுடிக்குப் போட்ட நூல் கறுப்பிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே போகிறது. உடல் கிடைக்காமல், இறந்ததற்கு வேறு சான்றும் இல்லாவிட்டால், ஏழு ஆண்டு காணாமற்போனவரையே சட்டம் இறந்தவராக அனுமானிக்கும். அதுவரை அவள் சுமங்கலியுமல்லள், கைம்பெண்ணுமல்லள். இந்தச் சட்டத்தை நான் படித்திருக்கிறேன். அது எப்படியிருக்கும் என்பதை அந்தத் துணியில்தான் கண்டேன்.

கண்டும் என்ன செய்தேன்? விழாவுக்கு அதிகாரிகள் வருவார்கள், மேசையைப் பார்த்தால் மனம் வருந்துவார்கள் என்று சிலர் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். "அந்த இடத்தில் வேளாங்கண்ணி மாதாவை வைத்துத் தைத்துவிடுங்களேன் அம்மா" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு நாளில் மாதா படத்தோடு போர்வை வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் மாதாவைச் சுற்றிலும் சின்னச் சின்ன ஊசித்துளைகள். பிரித்த தையலின் அடையாளம். துணி மறைக்கத் தெரியாதது. நான்தான் மறைத்தேன். அதுவும் மாதாவைக் கொண்டு மறைத்தேன்.

அந்தப் பிழைக்காக இந்தச் சகோதரியிடம் தனிமையில் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவர் சம்மதத்தோடு உங்கள் முன்னும் கேட்கிறேன். அதோ, வடக்குச் சுவரில் முதலாவதாக மாட்டியிருப்பது அந்தப் போர்வைதான். மேசையை மறுபடி தைத்திருக்கிறார். மாதாவை அகற்றவில்லை, திண்ணையில் எட்டாவதாக, தம் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அப்படிச் செய்ய வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

இந்தக் கரைக்குத் துணி புதிதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் இருந்துகொண்டு நம் பக்கத்துப் பருத்தித் துணிகளைக் கப்பலேற்றினார்கள். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் கட்டில் விரிப்பாகவும் போர்வையாகவும் கிடந்தன. நெய்தவன் பெயரும் சாயம் தோய்த்தவள் பெயரும் யாருக்குத் தெரியும்? ஆகவே நம் மையத்துப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு போர்வையின் பின்புறமும் உங்கள் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தைத்துவையுங்கள். விலை சொல்லும்போது நூலின் விலையை மட்டும் கணக்கிடாமல், செலவான நாட்களையும் கணக்கிடுங்கள். விழாக் குழுவினருக்கும் ஒன்று: வாங்க மனமில்லாவிட்டாலும் போர்வையின் முன் சற்று நின்று, "இது என்னம்மா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள்.

இறுதியாக, திருத்தூதர் பணிகள் நூலில் வரும் தபித்தாவை நினைத்துப் பாருங்கள். யாப்பா என்ற துறைமுக ஊரில், நம்மைப் போலவே கடலோரத்தில், கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்து வாழ்ந்தவள். அவள் இறந்தபின் பேதுரு வந்தபோது, அந்தக் கைம்பெண்கள் நீண்ட பேச்சுப் பேசவில்லை. அழுதுகொண்டே அவள் தைத்த உடைகளை எடுத்துக் காட்டினார்கள். போர்த்துகிற துணியைக் காட்டுவானேன் என்று கேட்ட பெரியவருக்கு இதுவே என் விடை. சொல்ல வாய் வராதவர்கள் துணியைத்தான் காட்டுவார்கள். பார்ப்பது நம் கடமை.

கண்காட்சி திறந்துவிட்டது. வடக்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.