மீட்டர் காட்டும் பூஜ்யம்



மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாது. தொட்டுப் பார்க்கவோ கூடாது. ஆகவே, அதனைச் சோதிக்க விரும்புவோர் ஒரு கருவியின் துணையை நாட வேண்டியிருக்கிறது. அக்கருவிகளுள் மிகவும் பயனுள்ளதான மல்ட்டிமீட்டரைப் பற்றி இன்று பேசக் கருதுகிறேன்.

முற்காலத்தில் மின்னழுத்தத்தை அளக்க ஒரு மீட்டர், மின்னோட்டத்தை அளக்க இன்னொன்று, மின்தடையை அளக்க வேறொன்று எனத் தனித்தனியே சுமந்து திரிந்தனர். பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியியலாளராக இருந்த டொனால்டு மெக்காடி என்பவர் இச்சுமையைப் பொறுக்காமல், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய அலகுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து ‘ஏவோ மீட்டர்’ என்று பெயரிடப்பட்ட அது, 1923-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. முள் அசையும் அக்கருவியின் வழித்தோன்றலாக, எண்களைக் காட்டும் மீட்டர்கள் இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. கருவி மலிந்துவிட்டது, ஆனால் அது காட்டும் எண்ணுக்குப் பொருள் காணும் வேலை முன்போலவே நம்முடையதாக இருக்கிறது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு வீட்டில் மின்விசிறியும் விளக்குகளும் திடீரென நின்றுவிடுகின்றன. வீட்டுக்காரர் டெஸ்டரை எடுத்து பிளக் பாயிண்டின் ஒரு துளையில் வைக்கிறார், நியான் ஒளிர்கிறது. மறு துளையில் வைக்கிறார், அதிலும் ஒளிர்கிறது! வியப்புற்று, மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் இரு துளைகளில் வைத்து அளக்கிறார். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. “மின்சாரமே இல்லை” என்று முடிவு கட்டிக் கம்பியைத் தொட்டாரானால், அவர் கதி என்னவாகும்?

வோல்ட் என்பது ஓர் இடத்தின் அளவன்று. இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டின் அளவு. மாடியின் மேல் இரு தண்ணீர்த் தொட்டிகள் ஒரே மட்டத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஓடாது. அதனால் தொட்டிகள் வற்றிவிட்டன என்று பொருளாகுமா? கீழே குழாயைத் திறந்தால் தெரியும்! மேற்சொன்ன வீட்டில் நேர்ந்தது இதுதான். நியூட்ரல் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. சுவிட்சு போட்டபடியே இருக்கும் விளக்கின் வழியாகவோ விசிறியின் வழியாகவோ பேஸ் கம்பியின் அழுத்தம் நியூட்ரல் கம்பிக்கும் ஏறிவிட்டது. இரண்டும் சம உயரத்தில் நிற்பதால் இடையே பூஜ்யம். ஆனால் ஒவ்வொன்றையும் எர்த் துளையோடு சேர்த்து அளந்தால், இரண்டிலுமே ஏறக்குறைய 230 வோல்ட் காணும்.

ஆகவே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என மூன்று அளவுகளும் எடுத்தல் வேண்டும். ஒழுங்கான இணைப்பில் முதலிரண்டும் 230 வோல்ட்டை ஒட்டியும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டாகவும் இருக்கும். பிறகு மெயின் போர்டுக்குச் சென்று அங்கேயும் அளக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் அறுந்த இடம் வீட்டுக்குள்ளே, இல்லையேல் வெளியே. இப்படி எல்லையைக் குறுக்கிக்கொண்டே போனால், பெரும்பாலும் தளர்ந்துபோன ஒரு திருகாணியில் போய் முடியும்.

பூஜ்யம் பற்றி இன்னொன்று. மீட்டரே பழுதுபட்டிருந்தாலும், அதன் கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் அது பூஜ்யமே காட்டும். ஆதலால் தேர்ந்த தொழிலாளர்கள், மின்சாரம் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரைச் சோதிப்பார்கள்; பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் அளப்பார்கள்; மீண்டும் முதலிடத்திற்கே வந்து மீட்டர் பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது வீண் வேலை என்று நகைப்போர் உண்டு. அவர்களோடு வாதிடுவதற்கில்லை.

இனி மின்தடை. இதன் அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஜார்ஜ் ஓம், தம் புகழ்பெற்ற சோதனைகளைச் செய்த காலத்தில் கோலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆதலால் எனக்கு அவரிடம் தனிப் பற்று உண்டு. 1827-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் விளக்கிய விதியைக்கொண்டே நாம் இஸ்திரிப் பெட்டியைச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஏனெனில் தடையை அளக்க மீட்டர் தன் சொந்த பாட்டரியையே பயன்படுத்துகிறது. 230 வோல்ட்டில் இயங்கும் 750 வாட் பெட்டி எனில், பிளக்கின் பேஸ், நியூட்ரல் முனைகளுக்கு இடையே சுமார் 70 ஓம் காண வேண்டும். அளவே கிட்டாவிடில் கம்பிச்சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. பருத்து நீண்ட எர்த் முனைக்கும் பெட்டியின் உலோக உடலுக்கும் இடையே தடை அநேகமாக இருக்கலாகாது. மற்ற இரு முனைகளுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கலாகாது. இருப்பின், அப்பெட்டியை உபயோகிப்பது அபாயம். ஆனால் சிறிய பாட்டரிக்கு அடங்கி நிற்கும் காப்பு, 230 வோல்ட்டில் கசியவும் கூடும். அதனைத் தேற 500 வோல்ட் தரும் மெக்கர் என்ற வேறு கருவி தேவை.

கணக்கில் விருப்பமுள்ளவர்கள் பழைய 60 வாட் இழை விளக்கு ஒன்றை அளந்து பாருங்கள். கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும். மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. விதி பொய்யன்று. எரியும் இழைக்கும் குளிர்ந்த இழைக்கும் உள்ள வேற்றுமை அது.

வீட்டு மின்சாரத்தில் கை வைக்குமுன் டார்ச் செல்லில் பழகுங்கள். பிறகும் அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். அளவு தெரியாதபோது மீட்டரின் மிக உயர்ந்த எல்லையிலிருந்து தொடங்கி இறங்கி வாருங்கள். ஆம்பியர் அளக்கும் துளையில் சிவப்புக் கம்பியைச் செருகியபடி பிளக் பாயிண்டில் முனைகளை வைத்தால், மீட்டருக்குள் தடையே இல்லாத காரணத்தால் அது நேர்க் குறுக்கிணைப்பாகிவிடும். நல்ல மீட்டரானால் உள்ளிருக்கும் பியூஸ் போவதோடு நிற்கும், மட்டமான மீட்டரானால் கையிலேயே வெடிக்கும். ஆம்பியரை அளந்து முடித்ததும், மீட்டரைக் கீழே வைக்குமுன் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து அதனை எடுப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.