உப்பில்லை என்று சொல்லும் உரிமை

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குத் தூங்கப் போகும் நேரம். எனக்கு நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த நேரம். குரல் கொஞ்சம் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'புலம்பல்' என்பதை ஒட்டி ஏதாவது பேசுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒப்பாரி பற்றியோ விவிலியத்தில் இருக்கும் புலம்பல் நூல் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் இங்கிலாந்து கால்பந்து அணியைப் பற்றிப் பேசப்போகிறேன். 2005இல் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் பக்கத்தில் நின்று கேட்ட மிகப் பெரிய புலம்பல் அதுதான்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்காரி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று போகும் அந்த ஊர்களில் கடலுக்கு அடுத்தபடி கால்பந்துதான். உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும் பறக்கும். பிரேசில் தோற்றால் அன்று ராத்திரி என் அண்ணன்மாருக்குச் சோறு இறங்காது. ஆனால் விடிவதற்குள் வள்ளம் கடலில் இறங்கிவிடும். தூரத்து அணியை நேசிப்பதில் அந்தச் சௌகரியம் உண்டு. கண்ணீர் உண்மைதான், ஆனால் அதற்கு விலை இல்லை.

இங்கே வந்த பிறகுதான், சொந்த அணி தோற்றால் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். இங்கிலாந்து உலகக் கோப்பையை ஒரே ஒரு முறை, 1966 ஜூலை 30 அன்று, வெம்பிளியில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று வாங்கியது. அதன் பிறகு பிறந்தவர்கள் இப்போது தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் 'இந்தத் தடவை நிச்சயம்' என்று தொடங்கி, 'எனக்கு முன்னமே தெரியும்' என்று முடிப்பார்கள். மாமியார் மருமகளைப் பற்றிப் பேசுவது போல, அலுக்காமல் பேசுவார்கள்.

2016 ஜூன் 27. அன்று நான் ஒரு பொது வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். பிரான்சின் நீஸ் நகரில் இங்கிலாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் ஆட்டம். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சத்துச் சொச்சம்தான். அதன் இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் பல் மருத்துவர். நாலாவது நிமிடத்தில் ரூனி பெனால்டியில் கோல் போட்டார். ஆறாவது நிமிடத்தில் ஐஸ்லாந்து சமன் செய்தது. பதினெட்டாவது நிமிடத்தில் இரண்டாவது கோலும் போட்டது. மீதி எழுபது நிமிடங்களுக்கு மேல் இருந்தும் இங்கிலாந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சன் ஒரு தாளை எடுத்து வாசித்துப் பதவி விலகினார்.

என் வார்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். இதய நோயாளி. 1966 இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்வார். ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, "சிஸ்டர், அந்தப் பல் டாக்டர் நமக்கு மயக்க ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கிவிட்டார்" என்றார். பிறகு ஒவ்வொரு வீரரையும் பெயர் சொல்லித் திட்டினார். கோல்கீப்பரை, பயிற்சியாளரை, சம்பளத்தை, முடி வெட்டை எல்லாம். இனி வாழ்நாளில் இங்கிலாந்து ஆட்டம் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். விடியற்காலை நாலு மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். தூங்காமல் படுத்திருந்தவர், "உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று செப்டம்பரில்தானே தொடங்குகிறது?" என்று கேட்டார்.

அவருடைய திட்டு எனக்கு யோபு நூலை ஞாபகப்படுத்தியது. யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஏழு இரவு வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். அதற்குப் பிறகு விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். ஏன் தோற்றாய், எங்கே தப்பு செய்தாய் என்று. ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சியில் கோட்டு போட்டு உட்காரும் நிபுணர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பேர் நினைவு வரும். யோபு விளக்கம் சொல்வதில்லை, முறையிடுகிறார். கடவுளிடமே நேருக்கு நேர் சண்டை போடுகிறார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம். சண்டை போட்ட யோபு சரியாகப் பேசியதாகச் சொல்கிறார்.

எங்கள் திருப்பாடல்களிலும் இப்படி முறையிடும் பாடல்கள் கணிசமாக உண்டு. அதை நம்பிக்கையின்மை என்று யாரும் சொல்வதில்லை. உறவு இருக்கிறவர்தான் முறையிடுவார்.

ஆனால் இதை இத்துடன் நிறுத்தினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஏனென்றால் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆட்டம் உள்ள இரவில் காத்திருப்பு அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆட்டம் நடக்கும்போது காலியாக இருக்கும். நெஞ்சுவலி உள்ளவர்கூட 'முடியட்டும்' என்று வீட்டில் இருப்பார். முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வரத் தொடங்குவார்கள். கை கிழிந்தவர்கள், குடித்துவிட்டு விழுந்தவர்கள், சுவரைக் குத்தி விரல் ஒடிந்தவர்கள். 1998 ஜூன் 30 அன்று அர்ஜென்டினாவிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் இங்கிலாந்து தோற்றது. அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 25 விழுக்காடு அதிகம் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அந்த ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய பெக்காமுக்கு லண்டனில் ஒரு பப் வாசலில் உருவபொம்மை கட்டித் தொங்கவிட்டார்கள். நம் ஊர் வழக்கில் அது கொடும்பாவி. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பார்களே, அதேதான். தோல்விக்கு ஒரு பாவி வேண்டியிருக்கிறது. அப்போது அந்தப் பாவிக்கு வயது 23.

ஓர் இரவு ஒரு பெண் வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு கன்னத்தில் இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தது, கலையாமல். மறு கன்னம் வீங்கியிருந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. சமையலறையில் பீர் கொட்டிய இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்றார். கூட வந்தவர் அவருக்கு முன்னாலேயே அதைச் சொல்லியிருந்தார், அதே வார்த்தைகளில். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியைத் தனியாகக் கேட்டேன். வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? அவர் திரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்கள் தோற்றுவிட்டோம், அவ்வளவுதான்" என்றார். உதவி எண் உள்ள அட்டையைக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பையில் இருந்தால் அவர் கண்ணில் படும் என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் காவல் துறைக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் புகார்கள் 38 விழுக்காடு அதிகம். இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதோடு உள்ள இன்னோர் எண்ணைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வென்ற அல்லது சமன் செய்த நாட்களிலும் 26 விழுக்காடு அதிகம். ஆக, அணி நன்றாக ஆடினால் அந்தப் பெண் தப்பியிருப்பார் என்று நினைக்காதீர்கள். தோல்வி காரணமல்ல, சாக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு கோடு தெரிந்தது. யோபுவின் முறையீடு மேல்நோக்கிப் போகிறது. தன்னைவிடப் பெரியவரிடம், பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் போகிறது. அந்த வீட்டில் நடந்தது கீழ்நோக்கிப் போனது. அதைப் புலம்பல் என்று நாம் அழைக்கக் கூடாது.

இனி என் வீட்டுக் கதை. 2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலியுடன், வெம்பிளியில். 1-1 சமன். ஷூட்-அவுட்டில் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவரும் தவறவிட்டார்கள். மூவரும் கருப்பினத்தவர். சாக்காவுக்கு 19 வயது. என் மகனுக்குப் பன்னிரண்டு. சாக்கா பெயர் போட்ட ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். பந்தை இத்தாலி கோல்கீப்பர் தடுத்ததும் அவன் அழவில்லை. "அம்மா, இனி அவரை என்ன செய்வார்கள்?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது. அன்றிரவே அந்த மூவர் மீதும் இணையத்தில் இனவெறி கொட்டத் தொடங்கியது. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை அசிங்கப்படுத்தினார்கள்.

மறுநாள் மாலை பார்க்கில் பயிற்சி. அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். "மக்களே, இன்றைக்கு மட்டும் வேறு சட்டை போட்டுக்கோ" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கழற்றிவிட்டான். கழற்றச் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. அவனும் மறந்திருக்க மாட்டான். அந்த வாரமே விதிங்டன் சுவரை ஊர் மக்கள் அன்புக் கடிதங்களாலும் காகித இதயங்களாலும் மூடிவிட்டார்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு டியூட்டி இருந்தது என்று காரணம் சொன்னேன்.

2024. மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை, ஜெர்மனியில். இங்கிலாந்து சகிக்க முடியாத ஆட்டம் ஆடியது. செர்பியாவுடன் 1-0, டென்மார்க்குடன் 1-1, ஸ்லோவேனியாவுடன் 0-0. மூன்று ஆட்டத்தில் இரண்டே கோல். அப்படியும் குழுவில் முதலிடம். கொலோனில் ஸ்லோவேனியா ஆட்டம் முடிந்ததும், நன்றி சொல்லக் கைதட்டியபடி வந்த பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் மீது ரசிகர்கள் பிளாஸ்டிக் குவளைகளை வீசினார்கள். 1996 அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டு, காலமெல்லாம் அந்தப் பாரத்தைச் சுமந்த அதே சவுத்கேட்.

அந்த ஆட்டத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்பதாவது நிமிடம் இருக்கும். பந்தை மறுபடியும் பின்னால் தட்டினார்கள். நான் சோபாவில் இருந்து எழுந்து, எங்கள் கடற்கரைத் தமிழில், இங்கே அச்சில் வர முடியாத ஒரு வார்த்தையால் திட்டிவிட்டு, "நம்ம ஆளுங்களுக்கு முன்னாடி ஓடத் தெரியாதா?" என்று கத்தினேன். என் மகன் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, நம்மளா?"

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. நமக்கு 'நாம்' உண்டு, 'நாங்கள்' உண்டு. அந்த முகம் வீங்கிய பெண் சொன்னதைத் தமிழில் சொல்லும்போது நான் 'நாங்கள் தோற்றுவிட்டோம்' என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? அவர் ஒருவேளை என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான்தான் என்னை வெளியே வைத்து மொழிபெயர்த்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் நான் இந்த அணியைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. டீ அறையில் எல்லோரும் திட்டும்போது, "பாவம், முயற்சி பண்ணினாங்களே" என்பேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அது விருந்தாளியின் பழக்கம். விருந்துக்கு வந்தவர் குழம்பில் உப்பில்லை என்று சொல்ல மாட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். உப்பில்லை என்று சொல்லுகிறவர் அந்த வீட்டுக்காரர். அன்று என் மகனிடம் ஜெர்சியைக் கழற்றச் சொன்னதும் விருந்தாளியின் பயம்தான். வீட்டில் சண்டை வந்தால் முதலில் வெளியே போகச் சொல்வது நம்மைத்தானே என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களில் பலருக்கும் அது தெரியும்.

2024 காலிறுதியில் சுவிட்சர்லாந்துடன் மறுபடியும் ஷூட்-அவுட் வந்தது. அந்த ஆட்டத்தில் சமன் செய்யும் கோலைப் போட்டதே சாக்காதான். ஷூட்-அவுட்டில் மூன்றாவது ஆளாக வந்தார். என் மகன் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். கோல். இங்கிலாந்து அடித்த ஐந்தும் கோல். இறுதியில் ஸ்பெயினிடம் 1-2 என்று தோற்றார்கள், இரண்டு நாளில் சவுத்கேட் விலகினார், புலம்பல் வழக்கம்போல் தொடர்ந்தது. நானும் சேர்ந்து புலம்பினேன். மறுநாள் டீ அறையில், மாற்று வீரர்களை இன்னும் முன்னமே இறக்கியிருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, கூட வேலை செய்யும் ஒரு பெண் "அப்படிச் சொல்லு" என்று பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். புலம்பெயர்ந்த நாம் விட்டு வந்த ஊரைப் பற்றி நிறையப் புலம்பி எழுதியிருக்கிறோம். வாழும் ஊரைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் நன்றி சொல்கிறோம், அல்லது தூர நின்று குற்றம் சாட்டுகிறோம். 'நம்ம ஆளுங்க' என்று உரிமையோடு கோபித்துக்கொள்ளும் எழுத்து குறைவு. அதை எழுதிப் பாருங்கள். எழுதும்போது அது யாரை நோக்கிப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய ஆட்டம் வரும் இரவிலும் எனக்கு டியூட்டி இருக்கலாம். இருந்தால் அந்த அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.