தொழிலும் தோழமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. ஆயினும் நம் காலனியில் வாழும் குடும்பங்களுள் பெரும்பாலானவை தொழிற்சாலையை நம்பித் தமிழகத்திலிருந்து ஐதராபாத்துக்கு வந்தவை. நம் இல்லங்களில் அடுப்பெரிவதும், பிள்ளைகள் கல்வி கற்பதும், இச்சங்கத்திற்குச் சந்தா சேர்வதும் அத்தொழிலாலேயே. ஆகவே அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்பது இவ்விழாவுக்குப் புறம்பாகாது. வள்ளுவர் பெருமானும் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் அன்றோ?

தொழிலாளி வளர்கின்றார் என்றால் பொருள் யாது? ஊதியம் உயர்வதும் பதவி உயர்வதும் வளர்ச்சியே. அவற்றை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் கை மட்டும் உழைத்துக் கருத்து உறங்குமாயின் அவ்வளர்ச்சி அரைகுறையே. நாள்தோறும் எந்திரத்தின் முன் நிற்பவர்க்கு அதன் குணமும் குறையும் தெரியும். அவரைக் கேளாமல் மாடி அறையிலிருந்து மட்டும் திட்டம் தீட்டுவது, நோயாளியைக் காணாமலே மருந்து எழுதுவது போலாகும்.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் செயற்படுத்திக் காட்டிய நாடு ஜப்பான். போரில் சீர்குலைந்து கிடந்த அந்நாட்டுக்கு 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டெமிங் சென்று, தரத்தைப் புள்ளியியல் முறையால் காக்கும் வழியைப் பொறியாளர்க்கும் முதலாளிகட்கும் விரித்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் பரிசு ஒன்றும் நிறுவப்பட்டது. 1962-இல் இஷிகாவா என்னும் பேராசிரியர் அக்கல்வியைத் தொழிலாளரிடமே கொண்டு சென்றார். அதன் பயனாய்ப் பிறந்தவையே தர வட்டங்கள்.

இந்தியாவில் தர வட்டம் முதன்முதலாக வேரூன்றிய இடம் எது? நமக்கு அண்மையிலுள்ள இராமச்சந்திரபுரத்தில், பாரத மிகு மின் நிறுவனத்தின் தொழிற்சாலையே! ஆண்டு 1980. ஈராண்டுகளில் இவ்வியக்கத்திற்கென அகில இந்திய அமைப்பு ஒன்றும் இந்நகரிலேயே தோன்றிற்று. 1998-இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசைப் பெற்றது. பிழைக்க வந்த ஊரும் பிறந்த மண்ணும் இவ்வகையில் ஒருங்கே பெருமை பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

வட்டத்தின் முறை எளியது. ஒரே பிரிவில் வேலை செய்யும் ஆறு முதல் பன்னிரண்டு பேர் விருப்பத்தோடு கூடுவர். தம் வேலையில் நேரும் குறைகளைப் பட்டியலிட்டு, மிகுந்த இழப்பைத் தரும் ஒன்றைத் தேர்வர். ஆள், எந்திரம், மூலப்பொருள், செய்முறை ஆகிய நான்கில் காரணம் எங்குள்ளது என்று மீன் முள் போன்ற படம் வரைந்து ஆராய்வர். திட்டமிடுதல், செய்து பார்த்தல், சோதித்தல், திருத்துதல் என்று இந்நான்கும் சக்கரம் போல் சுழன்றுகொண்டே இருக்கும். ஒருமுறை சீர்திருத்தி ஓய்ந்துவிடுவது இதன் நோக்கமன்று.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். மழைக்காலத்தில் ஒரு பிரிவில் வெல்டிங் இணைப்புகளில் ஊசித்துளைகள் தோன்றுகின்றன எனக் கொள்வோம். “வெல்டர் கவனக் குறைவானவர்” என்று பழி சுமத்துவது எளிது. ஆனால் ஸ்டோரிலிருந்து ராடு எடுத்து வரும் உதவியாள், “பாக்கெட் இரண்டு நாளாகப் பிரித்தே கிடக்கிறது, ஐயா” என்று ஒரு சொல் சொல்கிறார். பிரித்து வைத்த ராடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அவ்வீரமே இணைப்பில் துளையாய் முடியும். ஓவனில் வைத்துச் சூடேற்றிய பின் எடுத்தால் குறை அகலும். பிழை ஆளிடமன்று, முறையிலே இருந்தது! அதனைக் கண்டவரோ அப்பிரிவில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர்.

அவர் அச்சொல்லைச் சொல்லத் துணிவாரா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. ‘நீ யார் சொல்ல?’ என்று ஒருவர் அதட்டினால், மறுமுறை அவர் வாய் திறவார். ‘நம் யோசனையால் வேலை சுருங்கி, நம் ஆளே வெளியேற்றப்படுவாரோ?’ என்னும் அச்சம் இருப்பினும் வாய் திறவார். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு வட்டத்தில் இடமே இல்லையெனில், அவர் கண்ட உண்மை அவரோடே வாசலைக் கடந்து போய்விடும். ஆதலால்தான் டெமிங் தம் 14 நெறிகளுள் ஒன்றாக, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுவதைச் சேர்த்தார். நம் அரசியலமைப்பிலும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 43அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, நிருவாகத்தில் தொழிலாளர் பங்கு பெறுதல் அரசின் நெறியாகக் கூறப்பட்டது. பங்கு என்பது பொன்னாடையும் கைதட்டலும் மட்டுமன்று. யோசனைக்கு மறுமொழியும், அதனால் விளைந்த இலாபத்தில் உரிய பயனும், வேலைக்குக் காப்பும் சேர்ந்ததே பங்கு. இவை இல்லாத இடத்தில் யோசனைப் பெட்டி வெறும் பெட்டியே.

நம்மவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தொழிற்சாலையில் நம் பக்கத்தில் நிற்பவர் தெலுங்கர். எதிரே நிற்பவர் ஒரியர். கிரேன் ஓட்டுபவர் பீகாரியர். உணவு வேளையில் தமிழர் தமிழரோடு மட்டும் அமர்ந்தால், வேலை வேளையில் ஒருமனம் எங்ஙனம் பிறக்கும்? அவர்தம் மொழியில் நாலு சொல் கற்பது தமிழுக்குச் செய்யும் குறையன்று. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. அந்த ஊரில் எல்லாத் தெருவாரும் அடக்கம்.

நம்மிடையே மேற்பார்வையாளரும் அதிகாரிகளும் பலர் உளர். அவர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே: நாளை பணிக்குச் சென்றதும், உங்கள் பிரிவில் இதுவரை வாய் திறவாத ஒருவரிடம், “இவ்வேலையில் உங்களுக்கு இடையூறாக இருப்பது எது?” என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருங்கள். இளைஞர்களே! தெரியாததைத் தெரியாதென்று கூறிக் கற்கும் துணிவை இன்றே பழகுங்கள். தாய்மார்களே! ஷிப்டு முடிந்து வருவோரிடம், “இன்று புதிதாய் என்ன கற்றீர்கள்?” என்று கேளுங்கள், நீங்களே பணிக்குச் செல்வோராயின், அக்கேள்வியை உங்களிடமும் வீட்டார் கேட்கட்டும்.

அச்சமற்ற சொல்லும் பொறுமையுள்ள செவியும் கூடுமிடத்தில் தொழில் வளரும், தொழிலாளரும் வளர்வர். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!