அரியலூர் ரயிலைப் பிடிக்க எந்தப் பேருந்து?

இன்று பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

உங்களில் பலர் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்கள். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு உங்களுக்கு முன்னோடி. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை 'பெங்களூர் திட்டம்' என்று பெயர் பெற்றது. இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை அவர் விட்டுவிட்டார். ரயில் கால அட்டவணை, வரைபடம் முதலியவற்றை வைத்து, யோசித்தால்தான் விடை கிடைக்கும் புதிர்களைக் கொடுத்தார். ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து போடுவார்; அதுபோன்ற இன்னொன்றை மாணவர் தனியே போடுவார். மனம் பொருளில் ஊன்றியிருந்தால் இலக்கணம் தானே படியும் என்று அவர் நம்பினார். இதற்குக் கரும்பலகையும் காகிதமும் போதும்.

நம் ஊரிலேயே புதிர் இருக்கிறது. பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் இல்லை. அரியலூருக்குத்தான் வர வேண்டும். 'காலை பத்து மணிக்குச் சென்னையில் நேர்காணல். எந்த ரயில்? அதைப் பிடிக்க எந்தப் பேருந்து?' அட்டவணையை எழுதிப்போட்டு ஆங்கிலத்தில் கேளுங்கள். முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் வரும், தமிழும் கலந்து வரும். வரட்டும். 'ஏன் அந்தப் பேருந்து?' என்று மடக்குங்கள்; காரணம் சொல்ல 'பிகாஸ்' தேவைப்படும். அடுத்த வாரம், சின்ன வெங்காயத்தை இன்றே விற்பதா, பட்டறை போட்டு விலைக்குக் காத்திருப்பதா என்று வாதாட விடுங்கள். வீட்டில் கேட்ட பேச்சு அது. சொல்ல அவர்களிடம் விஷயம் இருக்கும்.

'தேர்வுக்கு உதவுமா?' என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. பிரபுவின் திட்டத்தைப் பற்றி பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்பினரே முந்தினர். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வது போன்றவற்றில் பிரபுவின் மாணவர்கள் சிறந்தனர். ஆகவே தேர்வுப் பயிற்சியைக் கைவிடாதீர்கள். வாரத்தில் சில பாடவேளைகளைப் புதிருக்கு ஒதுக்குங்கள்.

எல்லா வகுப்புக்கும் பொருந்தும் சிறந்த முறை என ஒன்று இல்லை என்று 1990இல் எழுதியவரும் பிரபுதான். அவர் முறையையும் வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். எந்தப் புதிரில் உங்கள் மாணவர்கள் வாய் திறந்தார்கள், எதில் அடங்கிப்போனார்கள் என்று குறித்துவையுங்கள். உங்கள் முறை அந்தக் குறிப்புகளிலிருந்து உருவாகட்டும்.

வாழ்த்துகள்.