முதற்கண் செய்யத்தக்கது யாது?

(திருவல்லிக்கேணியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் காரியங்களைக் கணினியில் ஏற்றி நடத்துவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்தோம். அதன்பின் அங்கத்தினர் கூறிய யோசனைகள் பல. கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பம் பெறுதல், மணமக்கள் பதிவு, குடும்ப வரலாறு, பழைய சஞ்சிகைகளைப் படம்பிடித்துக் காத்தல், கைப்பேசிச் செயலி என அவை விரிகின்றன. ஒவ்வொன்றும் நன்றே. ஆயின் செய்ய முன்வந்திருப்போர், தம் அலுவல் முடிந்தபின் இரவில் உழைக்கும் இரண்டு மூன்று இளைஞர்களே. பொருளோ சந்தாவால் வந்த சிறு தொகை. ஆதலின் ‘எவற்றைச் செய்வது?’ என்பதினும் ‘எதனை முதலிற் செய்வது?’ என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலை நாம் அறிவோம். செயல் நல்லதாயிருத்தல் மட்டும் போதாது. நம் வலிக்கும் காலத்திற்கும் அது பொருந்தவேண்டும் என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படுகின்றது.

இதற்கு நம் காலத்திலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் சந்திரயான்-2 கலத்தை விடுத்தனர். அதன் சுற்றுக்கலம் சந்திரனைச் சுற்றிவரும் நிலையை நன்கு எய்திற்று. செப்டம்பர் 7-ஆம் நாள் பின்னிரவில் தரையிறங்க முயன்ற விக்ரம் என்னும் கலமோ, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பிழந்து வீழ்ந்தது. இயந்திரங்களின் உந்துவிசை கணித்ததினும் மிகுந்தமையும், பிழையைத் திருத்திக்கொள்ளுமளவு கலம் விரைந்து திரும்ப இயலாமையும், குறித்த இறங்குமிடம் 500 மீட்டர் சதுரமாகக் குறுகியிருந்தமையும் காரணங்கள் என அவர்கள் பின்னர் விளக்கினர்.

அடுத்த முயற்சிக்குத் திட்ட இயக்குநராய் நின்றவர் விழுப்புரத்திற் பிறந்த பி. வீரமுத்துவேல் அவர்கள். இம்முறை அந்நிறுவனத்தார் யாது செய்தனர்? மற்றொரு சுற்றுக்கலம் அனுப்பவில்லை. முன்னையது பழுதின்றி இயங்கினமையின் அதனையே செய்தித் தொடர்புக்குத் துணையாகக் கொண்டனர். இறங்குகலத்தின் ஐந்து இயந்திரங்களுள் நடுவிலிருந்த ஒன்றை நீக்கினர். கால்களை வலுப்படுத்தினர்; எரிபொருளை மிகுத்தனர்; இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தனர். ஹெலிகாப்டரிலும் கிரேனிலும் கலத்தைத் தொங்கவிட்டுச் சோதித்தனர். எது எவ்வாறு பழுதுபடினும் கலம் பத்திரமாய் இறங்கவேண்டும் என்னும் ஒன்றினையே தலையாய கருமமாகக் கொண்டனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவத்தை அடுத்த நிலப்பகுதியில் இறங்கிற்று.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. எது தவறின் ஏனைய யாவும் வீணாகுமோ, அதனையே முதலில் வைத்தல் ஒன்று. முன்னரே செம்மையாக நடப்பதனை மீண்டும் செய்யாமை இரண்டு. நல்லதேயாயினும் இப்போது வேண்டாததனை விடத் துணிதல் மூன்று. இம்மூன்றனுள் கடினமானது இறுதியதே. உரத்துக் கேட்பவர் விரும்புவதே முதல் வேலையாகிவிடுவது எல்லாச் சபைகளிலும் காணும் இயல்பு. வேண்டாம் என்று சொல்லத் துணியாதார் எல்லாவற்றையும் தொடங்கி ஒன்றையும் முடியார்.

இனி நம் காரியத்திற்கு வருவோம். வைகாசி, ஆனி மாதங்களிற் கல்லூரிச் சேர்க்கை நிகழும். கட்டணம் செலுத்தும் நாள் தப்பின் ஏழை மாணவி பெற்ற இடம் பிறர்க்குப் போகும். அதனை நாம் பின்னர் எத்துணை வருந்தினும் மீட்டுத் தர இயலாது. மணமக்கள் பதிவேடு ஓராண்டு தாழ்ப்பினும் கையெழுத்து நோட்டு நமக்குண்டு. கைப்பேசிச் செயலி இன்றேல் ஒருவரும் இழப்பது யாதுமில்லை. ஆகவே உதவிநிதி விண்ணப்பமே முதலாவது. அதிலும், விண்ணப்பம் பெறுதல், ஆராய்தல், பணம் சேர்ந்ததா என உறுதிசெய்தல் ஆகிய மூன்று மட்டும் இப்போது போதும். அலங்காரம் பின்னர் ஆகலாம்.

பழைய சஞ்சிகைகள் செல்லரித்துப் போகின்றனவே என முதியோர் கவல்வது நியாயமே. அழிந்த ஏட்டையும் மீட்க இயலாதன்றோ? ஆயினும் அவ்வழிவைத் தடுக்க இன்று வேண்டுவது கணினியன்று. ஈரமில்லாத இடமும் ஓர் இரும்பு அலமாரியுமே. அவற்றை இவ்வாரமே அமைத்துவிட்டு, படம்பிடிக்கும் வேலையை இரண்டாவதாக வைப்போம்.

எஞ்சிய யோசனைகளை எவரும் புறக்கணிக்கப்பட்டனவாகக் கருதவேண்டா. அவற்றை ஒரு பட்டியலில் எழுதி வைப்போம். முதல் வேலை முடிந்தபின் அப்பட்டியலை இச்சபையில் மீண்டும் ஆராய்வோம். அதுவரை இளைஞர்களிடம் புதிய வேலை எதனையும் தனித்தனியே ஏவாதிருத்தல் நம் பெரியோர் செய்யும் பேருதவியாகும். நம் குலத்துப் பிள்ளைகளுள் ஒருவரேனும் கட்டணமின்மையாற் கல்வி இழவாதிருக்க இவ்வாண்டு இவ்வொன்றினை முடிப்போமாக. அதற்கு அருள்மிகு பார்த்தசாரதிப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.