உதவி எங்கே இருக்கின்றது?



மிஷன் பாடசாலையில் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த நாங்கள், லயத்துப் பிள்ளைகளாகவே உங்கள் முன் நிற்கின்றோம். "ஏழைப் பிள்ளைக்கு உதவுவார் யார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றோம், உதவி எங்கே உண்டென்று தேடினோமா?

1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலும் அதற்குப் பின்னருமே. அந்தத் தாமதத்தின் சுமையை எம் பெற்றோர் சுமந்தனர். இன்று வழிகள் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய நூற்றுக்கு 5 இடங்களில் பதுளைக்கும் மொனராகலைக்கும் பங்குண்டு. அனுமதி பெற்ற வறிய மாணவருக்கு, 1981இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம் கைகொடுக்கின்றது.

ஆயினும் எங்களுடன் படித்த தோழனொருவன் உயர்தரப் பரீட்சையில் நன்கு தேறியும், விண்ணப்ப நாள் அறியாது தவறவிட்டு, இன்று கொழும்புக் கடையொன்றில் நிற்கின்றான். அவனுக்கு மூளையும் குறைவில்லை, முயற்சியும் குறைவில்லை. வழி சொல்வார்தாம் இல்லை.

ஆகவே, பிறரிடம் கையேந்துமுன் நம்மிடம் உள்ளதைத் திரட்டுவோம். தோட்டந்தோறும் கோயில் உண்டு. திருவிழா முடிந்தால் மண்டபம் வெறுமையாய்க் கிடக்கின்றது. மாலையில் அங்கே பிள்ளைகள் படிக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அழைப்போம். திருவிழாப் பணத்தில் ஒரு பங்கைப் பஸ் கட்டணத்துக்கும் கொப்பிகளுக்கும் ஒதுக்குமாறு பெரியோர்களை வேண்டுகின்றோம்.

பசறையானாலும் அப்புத்தளையானாலும், ஞாயிறுதோறும் வந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எங்கள் கடமை. இன்னொரு தோழனை நாம் இழக்கலாகாது.