விட்டால் போதாது, பிழைக்க வேண்டும்

("பிடித்த மீனைத் திரும்ப விடுவது தேவையா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னே பேசிய ஐயா, "பிடித்தால் சமைத்துச் சாப்பிடுங்கள். சாப்பிட மனமில்லை என்றால் தூண்டிலைத் தொடாதீர்கள். பிடித்துப் படமெடுத்துத் திரும்ப விடுவது மீனுக்கு வேதனை, மனிதனுக்கு விளையாட்டு" என்றார். நியாயமான வாதம்தான். விட்ட மீன் பத்தடி தள்ளிப் போய்ச் செத்துவிட்டால் அவர் சொன்னதே சரி. குழம்புக்கும் ஆகாமல், ஆற்றுக்கும் ஆகாமல் ஓர் உயிர் வீணாகிறது.

ஆகவே நான் இன்று ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விட்ட மீன் பிழைக்கிறதா? பிழைக்க நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஏன் பெரிய மீனை விட வேண்டும் என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கெலா மீனை எடுத்துக் கொள்ளுங்கள். தெளிந்த, ஓடுகிற ஆற்றில்தான் வாழும். மெதுவாகத்தான் வளரும். கையளவு மீன் முழங்கை நீளம் ஆவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சந்தையில் ஒரு கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலை போவதால் அதைத் தேடுகிறவர்களும் அதிகம். பெரிய பெண் மீன் சிறிய மீனைவிடப் பல மடங்கு முட்டையிடும். அதைத் தூக்கிவிட்டால் அடுத்த தலைமுறையையும் சேர்த்தே தூக்கியதாகிவிடும். இதனால்தான் தாமான் நெகாராவின் தஹான் ஆற்றில் உள்ள லுபோக் தெனோர், கென்யிர் ஏரிப் பக்கம் உள்ள பெத்தாங் ஆறு போன்ற இடங்களில் கெலா மீன்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சபாவில் 'தாகால்' என்ற முறைப்படி, கிராமத்து மக்களே ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதை நிறுத்தி வைத்து மீனைப் பெருக்குகிறார்கள்.

இதே கெலாவின் பங்காளி ஒருவர் காவிரியிலும் இருக்கிறார். திமில் போல முதுகு உயர்ந்த மாசீர் மீன். ஐம்பது கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. 2018ல் அது முற்றாக அழியும் அபாயத்தில் உள்ள மீன் என்று உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காவிரிக்கு நேர்ந்தது நம் ஆறுகளுக்கும் நேரலாம்.

சரி, விடுகிறோம். எப்படி விடுவது?

1992ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ட்ரௌட் என்ற மீனைக் களைத்துப் போகும்வரை நீந்த வைத்தார்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காத மீன்களில் நூற்றுக்கு 88 பிழைத்தன. களைத்த மீனை 30 விநாடி காற்றில் வைத்தபோது பிழைத்தவை 62. ஒரு நிமிடம் வைத்தபோது 28தான். நேயர்களே, ஒரு நிமிடம் என்பது, "அண்ணே, இன்னொரு படம் எடுங்க, கண்ணை மூடிட்டேன்" என்று சொல்கிற நேரம்தான். ட்ரௌட் குளிர் நாட்டு மீன், எண்ணிக்கை இங்கே மாறலாம். ஆனால் நம் நாட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பானது. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு. களைத்த மீன் மூச்சை மீட்டெடுக்க இன்னும் சிரமப்படும். அதனால் நாம் கூடுதல் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் கைவலை உதவிக்கு வருகிறது. கரையில் இழுத்துப் போட்டால் மீன் கல்லிலும் மண்ணிலும் துள்ளி அடிபடும். தங்கூசியைப் பிடித்துத் தூக்கினால் தாடை கிழியும். நீளப் பிடி போட்ட கைவலை இருந்தால் மீன் முழுக்கக் களைக்கும் முன்பே, தண்ணீருக்குள்ளேயே அதை அடக்கிவிடலாம்.

ஆனால் எல்லா வலையும் ஒன்றல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் முடிச்சுப் போட்ட நைலான் வலை, மீனின் உடம்பில் அரம் போலத் தேய்க்கும். செதில் உதிரும், துடுப்பு கிழியும். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பு அழுக்கு அல்ல. நோய்க்கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் கவசம். அது போனால், நன்றாக நீந்திப் போன மீனும் சில நாளில் பூஞ்சை பிடித்துச் சாகும். 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடிச்சு வலையில் அகப்பட்ட மீன்களுக்கே காயமும் சாவும் அதிகம் என்று கண்டார்கள். வலையே படாத மீன்கள் சாகவில்லை. ஆக, சின்ன மீனுக்கு வலை வேண்டாம், நனைந்த கை போதும். பெரிய மீனுக்கு முடிச்சில்லாத வலை, அல்லது ரப்பர் பூசிய வலை வாங்குங்கள். மீன் மடங்காமல் படுக்கும் அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும்.

வலை போடுவதிலும் முறை இருக்கிறது. மீனைத் துரத்திக்கொண்டு வலையை வீசக் கூடாது. வாலில் வலை பட்டால் அது மிரண்டு பாயும். வலையை நனைத்து, தண்ணீரில் அமிழ்த்தி அசையாமல் வைத்திருங்கள். மீனின் தலை வலைக்கு நேராக வரும்படி இழுத்து வாருங்கள். தலை உள்ளே போனால் உடம்பு தானாகப் போகும். உள்ளே வந்ததும் பிடியைப் பிடித்து வானத்துக்குத் தூக்காதீர்கள். வலையைத் தண்ணீரிலேயே விட்டுவைத்து, அங்கேயே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். பிளையர் கையில் தயாராக இருக்கட்டும். முள்ளின் எதிர்முள்ளை முன்பே பிளையரால் நசுக்கி வைத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் குடையாதீர்கள். தங்கூசியை முள்ளுக்கு அருகில் வெட்டிவிடுங்கள்.

படம் வேண்டுமா? எடுங்கள், தப்பில்லை. கைத்தொலைபேசியோடு நண்பர் தயாராகும்வரை மீன் தண்ணீரில் இருக்கட்டும். பிறகு இரண்டு கைகளையும் நனைத்து, ஒரு கை வால் அடியில், ஒரு கை வயிற்றின் முன்பக்கம் வைத்து, படுக்கை வாட்டத்தில் தண்ணீருக்குச் சற்று மேலே தூக்குங்கள். ஒரு படம், உடனே தண்ணீருக்குள். தாடையில் தொங்கவிட்டால் பெரிய மீனின் எடையை அதன் எலும்பு தாங்காது. செவுளுக்குள் விரல் விடவே கூடாது. அது மீனின் நுரையீரல் மாதிரி. எடை பார்க்க ஆசையா? ஈர வலையோடு நிறுத்து, வலையின் எடையைக் கழித்துக் கொள்ளுங்கள்.

விடும்போது எறியாதீர்கள். ஓடும் ஆற்றில் தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். அது தானாக வாலை அடித்துக் கையை விட்டுப் போகும்வரை பொறுங்கள்.

தோமான் மீனுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. அது நம் விரால் இனம். மேலே வந்து காற்றை உறிஞ்சும் மீன். அதனால் அதன் தலையை நீரில் அமுக்கி வைத்திருக்காமல் மேலே வர வழி விடுங்கள். தண்ணீரின் மேல் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பார்த்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா மீனையும் விடச் சொல்லவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஆறுகளில் குடியேறிவிட்ட 'ஈக்கான் பண்டாராயா' போன்றவற்றைத் திரும்ப விடுவது புண்ணியமல்ல. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை ஆற்றிலோ, சிங்கப்பூர் நீர்த்தேக்கத்திலோ கொட்டுவதும் அப்படித்தான். எந்த இடத்தில் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்பதை மீன்வள இலாகாவிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

ஐயா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக் கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விடுவதாக முடிவு செய்துவிட்டால், நல்ல வலையும் பிளையரும் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள். அந்த இரண்டும் வாங்க மனமில்லாதவர், ஐயா சொன்னபடி, தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடலாம்.